நலங்கு மஞ்சளும் அந்தமான் அலையும்

உட்கார் என்று சொன்னால் உட்காரத் தெரியாதவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. குறிப்பாக ஐப்பசி மாதத்தில் செய்துகொள்ளக் கூடாது. அதிலும் பினாங்குத் தீவில் வீட்டை வைத்துக்கொண்டு செய்துகொள்ளவே கூடாது. இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து முடித்தவள் என்கிற தகுதியில் சொல்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கால் ஓர் இடத்தில் தரிக்காது. தொழிற்சாலையில் கூட்டம் நடந்தால் நின்றுகொண்டேதான் கேட்பேன். (முதுகு வலி என்று நினைத்து மேலதிகாரி எனக்காக விலை உயர்ந்த நாற்காலி ஒன்றை வரவழைத்தார். அதில் என் கைப்பைதான் சுகமாக உட்கார்ந்திருந்தது.) இப்படிப்பட்டவளைக் கம்பெனி சுற்றுலாவில் பாலித் தீவுக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தார்கள். பலகையில் படு, அலை வந்தால் எழுந்து நில், அவ்வளவுதான். உட்காரவே தேவையில்லாத விளையாட்டு, நமக்கென்றே கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பினாங்குக்குத் திரும்பியதும் சொந்தமாகப் பலகை வாங்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த விளையாட்டில் முக்கால்வாசி நேரம் பலகைமேல் உட்கார்ந்து அலைக்காகக் காத்திருப்பதுதான் என்று.

அதுவும் பினாங்கில். எங்களுக்கு முன்னால் சுமத்திரா தீவு, தியேட்டரில் முன்வரிசையில் உட்கார்ந்த உயரமான ஆள் மாதிரி மறைத்துக்கொண்டு கிடக்கிறது. பெருங்கடல் அலை எதுவும் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காது. வருடத்தில் பெரும்பாலான நாள் எங்கள் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் தண்ணீர் தட்டில் ஊற்றிய ரசம் போலச் சும்மா கிடக்கும். ஆவணி முடிந்து காற்று திசை மாறும்போதுதான் கொஞ்சம் உயிர் வரும். எங்கேயோ அந்தமான் கடலில் ஒரு புயல் சுழன்று, பர்மா பக்கம் போய்த் தொலையும். அது போன பிறகு அதன் மிச்சம் மீதி இரண்டொரு நாளில் எங்கள் வடக்குக் கரைக்கு வந்து சேரும். அந்த அலையும் காலையில் மட்டும்தான் ஒழுங்காக இருக்கும். மலையிலிருந்து இறங்கும் காற்று அதைத் தலைவாரி விட்ட மாதிரி வைத்திருக்கும். மதியம் இடி மழை வந்தால் எல்லாம் கலைந்துவிடும். ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் தே தாரேக் பால்டீ நிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் அதில் மரக்கட்டை, ஒற்றைச் செருப்பு எல்லாம் மிதந்து வரும். ஒரு தடவை ஒரு முழு ரைஸ் குக்கர் மூடியோடு வந்தது.

ஆக, வருடம் முழுக்கக் காத்திருந்து, அந்தச் சில காலை வேளைகளுக்காகவே உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை திணேஷ், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸ்காரர். என்னோடு ஒரே தொழிற்சாலை, வேறு பிரிவு. நாங்களே பார்த்து நாங்களே பேசி முடித்தது. அவருடைய அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் நாக்குத் தள்ளியது. அத்தைக்கு இரண்டு விஷயம் ஆகாது. ஒன்று கடல். பாலத்தில் கார் ஏறினாலே கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி சொல்ல ஆரம்பித்துவிடுவார். இன்னொன்று பொய். திணேஷின் அண்ணனுக்கு முதலில் பார்த்த பெண்ணின் வீட்டார் ஏதோ ஒரு சின்னப் பொய் சொன்னார்கள் என்று, பத்திரிகை அடித்த பிறகு அந்தக் கல்யாணத்தையே நிறுத்தியவர்.

பரிசம் போட வந்த அன்றைக்கு என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். விசாரித்ததில் பலகை விவகாரம் வெளியே வந்துவிட்டது. அத்தை எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரும்மா. சீரு வேணாம், நகை வேணாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். நலங்கு வெச்சதுக்கு அப்புறம் தாலி ஏறுற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. கடல் இருக்குற திசையில தலைவெச்சுக்கூடப் படுக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க அத்தை," என்றேன். காலில் விழுந்து வேறு சொன்னேன்.

திணேஷ் தனியாக வந்து எச்சரித்தார். "அம்மா ஒரு தடவ நம்பிட்டா உயிரையே குடுப்பாங்க. நம்பிக்கை போச்சுன்னா நான் கெஞ்சினாலும் நடக்காது. பார்த்துக்க லா."

பார்த்துக்கொள்கிறேன் என்று அவருக்கும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், வெள்ளிக்கிழமை மாலை நலங்கு. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கிற அத்தனை சொந்தமும் வரிசையில் நின்று, ஆளுக்கொரு பிடி மஞ்சளை என் முகத்தில் அப்பியது. சிலர் ஆசையாக அப்பினார்கள். சிலர் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். குளித்து முடித்தும் மஞ்சள் போகவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பழுத்த மாம்பழத்துக்குப் பொட்டு வைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை என்னை அறைக்குள் விட்டு, "அசையாம உக்காரு," என்று சொல்லிவிட்டு அம்மா பூ வாங்க டவுனுக்குப் போனார். அப்பா மண்டபத்துக்குப் போனார். காவலுக்குப் பெரியம்மா, முன்னறையில் டிவி முன்னால். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். எழுந்தேன். சன்னலுக்குப் போனேன். திரும்பி வந்து அலமாரியில் புடவைகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். கொடிமலை உச்சி தெரியாமல் மேகம் மூடியிருந்தது. காற்று சன்னல் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டது. எனக்குள் எறும்பு ஊர்வது போல இருந்தது. அப்போது போன் அதிர்ந்தது. என்னோடு அலைச்சறுக்குப் பழகும் தோழி ஷர்மி அனுப்பிய படம். பத்து ஃபிரிங்கியில் அலை, வரிசை வரிசையாக, பாலியில் எடுத்த படம் மாதிரி.

கீழே ஒரு வரி. "நீ வர முடியாதுன்னு தெரியும். சும்மா காட்டுனேன்."

சும்மா காட்டுகிறாளாம். இவளையெல்லாம் தோழி என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த நிமிடம் அவளுக்குப் போன் போட்டேன்.

என் மூளை எப்போதும் இப்படி வேகமாக வேலை செய்யாது. அன்றைக்குச் செய்தது. மேல் மாடியில் மருதாணி போடும் அக்கா இருக்கிறார். மேல் மாடி என்றால் அதே கட்டடம்தான். ஆகவே வாசப்படி தாண்டியதாகாது. மருதாணி காய நேரம் எடுக்கும். ஆகவே யாரும் தேட மாட்டார்கள்.

"பெரியம்மா, மேல மருதாணி வெச்சுக்கப் போறேன். காயுற வரைக்கும் அங்கயே இருப்பேன்."

"போயிட்டு வா. நல்லா செவக்கணும். செவந்தாத்தான் மாமியார் நல்லா வெச்சுக்குவா," என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார் பெரியம்மா.

லிஃப்டில் தலைமூடிச் சட்டைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டு இறங்கினேன். பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி உற்றுப் பார்த்தார். என் மஞ்சள் மூக்கைக் கண்டு பதறி, காமாலையா, டாக்டரைப் பார்த்தாயா, கரும்புச் சாறு குடிக்கிறாயா என்று மலாயில் கேட்டார். டாக்டரிடம்தான் போகிறேன் என்றேன். அன்றைய இரண்டாவது பொய். கணக்கு அப்போதுதான் சூடு பிடிக்க ஆரம்பித்தது.

கீழே காத்திருந்த ஷர்மியின் காரில் போய், பலகையோடு கடலில் இறங்கியதும் எல்லாம் மறந்துபோனது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் காலை மாதிரி ஒரு காலை எனக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை. அலை இடுப்பளவு, மார்பளவு என்று வந்துகொண்டே இருந்தது. எழுந்து நின்றேன், விழுந்தேன், மறுபடி நின்றேன். ஷர்மி கரையில் நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினாள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று விரலைக் காட்டினேன். கல்யாணம், மாமியார், பந்தி, பாயசம் எதுவும் நினைவில் இல்லை. சந்தோஷத்தில் கத்தக்கூடச் செய்தேன்.

அப்போதுதான் ஒரு வேன் வந்து கரையோரம் நின்றது.

முதலில் பிள்ளைகள் குதித்தார்கள். பிறகு யாரோ நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை இறக்கினார்கள். பிறகு தொப்பி போட்ட ஒரு பெரியவர் போனை உயர்த்தி வீடியோ எடுத்தபடியே இறங்கினார். கடைசியாக, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேனின் கதவைக் கெட்டியாகப் பிடித்தபடி இறங்கியது என் அத்தை.

நடந்தது என்னவென்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கல்யாணத்துக்காக ஜொகூரிலிருந்து அத்தையின் அண்ணன் குடும்பத்தோடு வந்திருக்கிறார். அவர்களைக் கொடிமலைக்குக் கூட்டிப் போகத்தான் திட்டம். மலையை மேகம் மூடியிருந்ததால், மேலே போனாலும் ஒன்றும் தெரியாது என்று வேன் ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் கடல் கடல் என்று அழுதிருக்கிறார்கள். எனக்கு அலையைக் கொண்டுவந்த அதே புயல்தான் என் மாமியாரையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

ஜொகூர்க்காரர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. அத்தை ஒருவருக்குத்தான் என்னைத் தெரியும். அவரோ கடல் பக்கம் திரும்ப மாட்டார். ஆகவே, அவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்வரை அலைகளுக்கு அப்பால், கரைக்கு முதுகு காட்டிப் பலகையில் உட்கார்ந்திருப்பது என்று முடிவெடுத்தேன். என் வாழ்க்கையில் நானாக விரும்பி அசையாமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

அவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு குடும்பம் நாசி லெமாக்கை இவ்வளவு நிதானமாகச் சாப்பிட முடியும் என்று எனக்குத் தெரியாது. இதற்குள் மேற்கே வானம் கறுக்க ஆரம்பித்தது. சுமத்திராக் காற்று என்று சொல்வோம், காலை நேரத்தில் கறுப்பாகச் சுருட்டிக்கொண்டு வரும், வந்தால் கூரையைப் பிய்க்கும். கடலில் இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறிவிட்டார்கள். ஷர்மி கரையில் துள்ளித் துள்ளிக் கையை ஆட்டினாள். ஏறிவிடத்தான் வேண்டும். ஆனால் ஏறினால் நேராக அத்தையின் முன்னால்தான் ஏற வேண்டும். புயலா, மாமியாரா என்று யோசித்தேன். (இதை எழுதும்போது என் வயதும் படிப்பும் நினைவுக்கு வந்து வெட்கமாக இருக்கிறது.) புயலே மேல் என்று தோன்றியது.

காற்று அறைந்தது. மழை ஊசி மாதிரி குத்தியது. அலை என்று ஒன்று தனியாக இல்லை, எல்லாப் பக்கமும் கொதித்தது. ஆற்றுவாய்ப் பக்கத்து நீரோட்டம் என்னை வெளியே இழுக்க ஆரம்பித்தது. கையால் துழாவினேன், துழாவினேன், கரை கிட்டவே வரவில்லை. அப்போதுதான் நிஜமான பயம் வந்தது. திணேஷிடம் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

கரையில் யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் கேட்டது. எனக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ. யாராச்சும் போங்கலா. அண்ணே, அந்த ஜெட் ஸ்கி ஆளைக் கூப்புடுங்க. முருகா, அந்தப் பிள்ளையக் கரை சேர்த்துடு. வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்குறேன்."

திரும்பிப் பார்த்தேன். பாலத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் என் அத்தை, புடவையோடு முழங்கால் ஆழக் கடலில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டிருந்தார்.

ஜெட் ஸ்கி ஓட்டும் மலாய்க்கார அண்ணன் வந்து என்னை மீன் மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கிப் போட்டுக்கொண்டார். எங்கே வேண்டுமானாலும் இறக்கிவிடுங்கள், அந்தக் கூட்டத்திடம் மட்டும் வேண்டாம் என்று மலாயில் கெஞ்சினேன். பயத்தில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். உன் குடும்பம் அழுதுகொண்டிருக்கிறது என்று ஆறுதல் சொல்லி, சரியாக அத்தையின் காலடியில் கொண்டுவந்து இறக்கினார்.

அத்தை ஓடி வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் கை மெதுவானது.

"மஞ்சப் பூசியிருக்கு," என்றார் தனக்குத்தானே. "பாவம், கல்யாணப் பொண்ணு போல..."

என் கண்ணைப் பார்த்தார். நான் அவர் கண்ணைப் பார்த்தேன். என் கல்யாணம் அந்த மணலில் செத்துக் கிடப்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தேன், "அத்..." என்பதற்குள் அவர் முந்தானையை என் முகம் முழுக்கப் போட்டு மூடிவிட்டார். மூச்சுவிடக்கூட வழியில்லை.

"யாரு தாயி அது?" ஜொகூர் மாமா போனை நீட்டியபடி வந்தார். "உனக்குத் தெரிஞ்ச பிள்ளையா?"

பத்திரிகை அடித்த கல்யாணத்தை ஒரு பொய்க்காக நிறுத்திய என் அத்தை நிமிர்ந்து நின்றார்.

"எனக்கு எப்படித் தெரியும்? யாரோ காலேஜ் பிள்ளை. அண்ணே, வீடியோவ நிறுத்துங்க, வயசுப் பொண்ணு. போங்க எல்லாரும், போயி வேன்ல ஏறுங்க."

அவர்கள் ஏறினார்கள். அத்தை என்னை மூடிய முந்தானையோடே ஷர்மியின் கார் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். கதவைத் திறந்து உள்ளே உட்கார வைத்தார். நான் தேம்பித் தேம்பி மன்னிப்புக் கேட்டேன்.

"நாளைக்குக் காலையில முகூர்த்தம்," என்றார். "கடல்லேருந்து வந்துடுவியா, இல்ல ஜெட் ஸ்கி அனுப்பணுமா?"

"கல்யாணம் நடக்குமா அத்தை?"

"இப்பத்தான் சாமிகிட்ட அழுது கேட்டு வாங்குனேன். கேட்டது வந்துருச்சு. வந்தது நீதான்னு தெரிஞ்சதும் வேணாம்னு திருப்பியா குடுக்க முடியும்? போ. போயி தலையைத் துவட்டு." கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். புடவை முழங்கால் வரைக்கும் ஈரம், மணல். அன்றைக்கு அழுத மாதிரி நான் எந்தக் கல்யாணத்திலும், என்னுடையதிலும்கூட, அழுததில்லை.

வீட்டில் பெரியம்மா என் வெறும் கையைப் பார்த்து, மருதாணி கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லையே, இந்த மாமியார் உன்னைப் படுத்தி எடுக்கப் போகிறாள் என்று அழாத குறையாகச் சொன்னார். மறுநாள் மணமேடையைச் சுற்றி வரும்போது நொண்டினேன். முந்தின நாள் கடலில் கணுக்காலில் சொறிமீன் பட்ட தடம் புடவைக்குள்ளே எரிந்தது. எல்லாரும் காலையே பார்த்தார்கள். "புதுச் செருப்பு கடிச்சிருச்சு," என்று அத்தை சத்தமாக அறிவித்தார். இரண்டே நாளில் அவர் பொய் சொல்வதில் என்னைவிடத் தேறிவிட்டார். விருந்தில் ஜொகூர் மாமா மேசை மேசையாகப் போய், பத்து ஃபிரிங்கியில் மூழ்க இருந்த பெண்ணைத் தன் தங்கை காப்பாற்றிய வீடியோவைக் காட்டினார். என்னிடமும் காட்டினார். மழையில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் தெரிந்தது. நல்ல வேளை பிழைத்துக்கொண்டாள் என்றேன்.

திணேஷிடம் மூன்றாம் நாளே சொல்லிவிட்டேன். அவர் சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. ஜொகூர் மாமாவுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. (மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டியது அத்தை. ஆனால் அவருக்கு மூட்டு வலி. ஆகவே முதல் தைப்பூசம் வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "வேண்டுனது நான், நடக்குறது நீ," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும், சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு, தலையில் பால்குடத்தோடு, தண்ணீர்மலை முருகன் கோயில் படியெல்லாம் நான்தான் ஏறுகிறேன். ஓரிடத்தில் நிற்க முடியாதவள் அந்தக் கூட்டத்தில் அங்குலம் அங்குலமாக நகர்கிறேன். அத்தை ஒரு விசிறியோடு பக்கத்திலேயே வருவார். ஜொகூர் மாமாவும் வருடம் தவறாமல் வந்துவிடுவார். வழியில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்வார்.

"யாரோ முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக என் தங்கச்சி வேண்டுதல் வெச்சா. அதை மருமக சுமக்குது. இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமக கிடைக்குமாலா?"

கேட்கிறவர்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். ஒரு அம்மா காலைத் தொட வந்துவிட்டார். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொள்கிறேன், அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன தைப்பூசத்திலும் மாமா அதையே சொன்னார். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கோ, எப்படி இருக்கோ."

அத்தை சரிந்திருந்த குடத்தை என் தலையில் நேராக வைத்தார். கன்னத்தில் வழிந்த பாலை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"கல்யாணம் ஆகி நல்லாத்தான் இருக்கும்ணே," என்றார். "அந்த மாமியார்தான் பாவம்."